தெரிந்த பாட்டு, தெரியாத கருவி: கவர் பாடலைப் புதிதாக அமைக்கும் முறை

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை யாரும் எதிர்பாராத ஒரு கருவியில் வாசிக்க இரண்டு வழிகள் உண்டு. மூலப்பாட்டின் ஒவ்வொரு சங்கதியையும் அந்தக் கருவியில் எப்படியாவது கொண்டுவந்துவிட முயல்வது ஒன்று. அந்தக் கருவியால் எது முடியாது என்பதை முதலில் கண்டுகொண்டு, அந்த இயலாமைக்கு ஏற்பப் பாட்டைத் திருத்தி அமைப்பது மற்றொன்று. முதல் வழியில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வித்தைதான். ஒரு முறை பார்த்து வியந்துவிட்டு மறந்துவிடுவோம். மறுபடியும் கேட்கத் தூண்டும் கவர் பாடல்கள் (பிறர் பாட்டின் மறுவாசிப்புகள்) இரண்டாம் வழியில் வந்தவை என்பது என் அனுபவம். இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் விளக்குகிறது.

1968இல் வெளிவந்த தொகுப்புக்காக அமெரிக்க இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸ், மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் இசையைப் பதிவுசெய்தபோது, அந்தக் கருவியால் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்க முடிந்தது. ஒன்றோடொன்று பின்னியோடும் தனித்தனிச் சுர வரிசைகளால் ஆன பாஹின் இசையோ, ஒவ்வொரு வரிசையையும் தனியாக நாடாவில் பதிந்து பின்னர் அடுக்குவதற்கு இயல்பாகவே இடம் கொடுத்தது. கருவியின் குறைக்குப் பொருந்தும் இசையைத் தேர்ந்தெடுத்ததிலேயே அந்த முயற்சியின் பாதி வேலை முடிந்துவிட்டது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தது எதிர்த்திசையிலிருந்து. இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட வழக்கமான மாண்டலினில் கார்வையும் (சுரம் நீண்டு ஒலிப்பது) குறைவு, கமகமும் (சுரத்தை அசைத்து வளைத்து இசைப்பது) கடினம். அவர் வாசித்ததோ ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். பாட்டைக் கருவிக்கு ஏற்ப வளைக்கப்போகிறோமா, கருவியைப் பாட்டுக்கு ஏற்ப மாற்றப்போகிறோமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். கையில் இருப்பது ஒரு மரமறுக்கும் ரம்பமாகவோ தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளாகவோ இருந்தால், வளைய வேண்டியது பெரும்பாலும் பாட்டாகத்தான் இருக்கும்.

பாட்டின் எலும்பைக் காணுதல்

பாட்டைப் பத்து முறை கேட்பதைவிட, கேட்காமல் நினைவிலிருந்து ஒரு முறை முணுமுணுப்பது அதிகம் கற்றுத்தரும். நினைவில் எது தங்கியிருக்கிறதோ அதுவே அந்தப் பாட்டின் எலும்பு. பெரும்பாலான பாட்டுகளின் முகம் பல்லவியின் முதல் வரியில் இருக்கும்; சிலவற்றுக்கு அது இடையிசையில் வரும் நான்கு சுரத் துணுக்காகவோ, தாளத்தில் வரும் ஒரு விசித்திரமான இடைவெளியாகவோ இருக்கலாம். இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. சுரமே இல்லாமல் வரியின் தாளக்கட்டை மட்டும் மேசையில் தட்டிப் பாருங்கள். பிறகு தாளத்தைக் கலைத்து, எல்லாச் சுரங்களையும் சம அளவில் நீட்டிப் பாடிப் பாருங்கள். எந்த முறையில் பாட்டு இன்னும் அடையாளம் தெரிகிறதோ, அந்தக் கூறு தொடக்கூடாதது. மற்றது உங்கள் விருப்பத்துக்குரியது.

மெட்டு, தாளநடை, பின்னணியில் நகரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) ஆகிய மூன்றில் இரண்டை மாற்றினாலும் கேட்பவர் பாட்டைத் தொலைத்துவிடமாட்டார் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் அது வேறொரு பாட்டாகிவிடுகிறது. சதுஸ்ர நடையில் (நான்கு நான்காக) துள்ளும் பாட்டைத் திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக) தாலாட்டுப் போல ஆக்குவதும், வேகப்பாட்டைக் காலப்பிரமாணம் பாதியாகக் குறைத்து விரிப்பதும் நல்ல மாற்றங்களே. ஆனால், அவற்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். அடுத்த படியில் கருவியே அதைச் சொல்லும்.

மெட்டை ஒரு தாளில் சுரங்களாக எழுதிக்கொள்ளுங்கள். மிகத் தாழ்ந்த சுரம் எது, மிக உயர்ந்தது எது, எத்தனை வெவ்வேறு சுரத்தானங்கள் வருகின்றன, மிக நீண்ட கார்வை எத்தனை அட்சரம் (தாள எண்ணிக்கை) ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள். இந்த நான்கு குறிப்புகளும் இல்லாமல் கருவியைத் தொட்டால், பல்லவி அழகாக அமைந்து, சரணத்தில் ஒரே ஒரு உச்சச் சுரத்துக்குக் கருவியில் இடமில்லாமல் வேலை முழுவதும் நின்றுபோகும்.

கருவியைக் கேள்வி கேட்டல்

ஒரு கருவியிடம் முதலில் கேட்க வேண்டியது அதன் கார்வையைப் பற்றி. உலோக நாக்குகளைக் கட்டைவிரலால் மீட்டும் கலிம்பாவிலோ, தண்ணீர்க் கிண்ணங்களைக் குச்சியால் தட்டும் ஜலதரங்கத்திலோ தட்டிய கணத்திலேயே ஒலி உச்சத்தைத் தொட்டு, உடனே தேயத் தொடங்கிவிடுகிறது. நான்கு அட்சரம் நீளும் ஒரு சுரத்தை அவற்றில் வாசித்தால் முதல் அட்சரத்துக்குப் பிறகு வெறும் மௌனம்தான் எஞ்சும். இதைச் சரிசெய்ய மூன்று உபாயங்கள் உள்ளன: பாட்டை வேகமாக்கலாம், நீண்ட சுரத்தை இரண்டு மூன்று தட்டுகளாக உடைக்கலாம், அல்லது அந்த இடைவெளியில் கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகச் சிதறவிடலாம். மூன்றாவது உபாயமே பெரும்பாலும் இனிமையாக அமைகிறது, ஏனென்றால் மூலப்பாட்டில் இல்லாத ஒரு பின்னல் அங்கே புதிதாகத் தோன்றுகிறது. விளிம்பைத் தேய்த்து ஒலிக்கும் கண்ணாடிக் கோப்பைகளில் நிலைமை தலைகீழ். ஈரவிரல் கண்ணாடியை ஒட்டியும் வழுக்கியும் மாறிமாறி நகர்வதால் அதிர்வு எழுகிறது, வயலின் வில் தந்தியை ஒலிக்கச்செய்வதும் இவ்வாறே. ஒலி மெதுவாக எழும், ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும். அதில் வேகமான பிருகாக்களை (சட்டென்று உருளும் சுரத்தொடர்களை) எதிர்பார்ப்பது வீண். 1761இல் பெஞ்சமின் பிராங்க்ளின் கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே அச்சில் அடுக்கிச் சுழலவைத்துக் கண்ணாடி ஹார்மோனிகாவை உருவாக்கினார். பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பது அதில் எளிதானபோதும், ஒலி எழும் தாமதம் முற்றிலும் போய்விடவில்லை.

அடுத்த கேள்வி, சுரங்களுக்கு இடையே கருவி எப்படி நகர்கிறது என்பது. சுமார் 1920இல் ரஷ்யாவில் லியோன் தெரமின் உருவாக்கிய தெரமினை யாரும் தொடுவதில்லை. நிமிர்ந்த ஆண்டெனாவை நோக்கி ஒரு கை நெருங்க நெருங்கச் சுருதி உயரும். வளைய ஆண்டெனாவின் மேல் மற்றொரு கை ஒலியளவைக் கட்டுப்படுத்தும். படிகள் எதுவும் இல்லாததால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியெல்லாம் கேட்கும். சுரங்கள் தனித்தனியாகத் தெறிக்க வேண்டிய பாட்டுக்கு இது பெருங்குறை. ஜாருவும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) கமகமும் நிறைந்த பாட்டுக்கோ இதைவிடப் பொருத்தமான இயந்திரம் அரிது. வில் கொண்டு வாசிக்கும் ரம்பத்துக்கும் இதே இயல்பு உண்டு. கைப்பிடியை முழங்கால்களுக்கு இடையே இறுக்கி, நுனியை இடக்கையால் வளைத்துத் தகடு மெல்லிய இரட்டை வளைவாக நிற்கும்படி பிடிக்க வேண்டும். ஒரு வளைவு மற்றொரு வளைவாக மாறும் இடத்தில், பல் இல்லாத விளிம்பில், ரோசின் (பிசின்) பூசிய வில்லை இழுத்தால் ஒலி பிறக்கும். வளைவைக் கூட்டினால் சுருதி உயரும், ஒலிக்கும் இடமும் நுனியை நோக்கி நகரும்; வில்லும் கூடவே நகர வேண்டும். முதல் வாரம் கீச்சென்ற சத்தத்தைத் தவிர எதுவும் வராது, மனம் தளர வேண்டியதில்லை.

வாயில் வைத்து உலோக நாக்கை மீட்டும் முகர்சிங் போன்ற கருவிகள் வேறு இனம். அதன் நாக்கு ஒரே ஒரு அடிப்படைச் சுருதியைத்தான் ஒலிக்கிறது. வாயின் உள்வடிவத்தை மாற்றும்போது அந்தச் சுருதியின் மேலொலிகளில் (அதனோடு சேர்ந்து எழும் உயர்ந்த சுருதிகளில்) ஒன்று மட்டும் துலங்கி நிற்கிறது. ஆகவே அதற்கு மெட்டைக் கொடுப்பதைவிட ஆதார சுருதியையும் தாளத்தையும் கொடுப்பதே முறை. சுருதி சற்றுக் கூடுதலாக இருந்தால் நாக்கில் துளி தேன்மெழுகு ஒட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

சுரங்கள் போதாதபோது

விநோதக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பன்னிரண்டு சுரத்தானங்களும் இருப்பதில்லை. பரவலாகக் கிடைக்கும் 17 நாக்குக் கலிம்பாவில் சி மேஜர் வரிசை (மேற்கத்திய இசையின் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி சுரங்கள்) மட்டுமே இரண்டு ஸ்தாயிக்குச் (ஒரு ஸ்தாயி என்பது ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம் வரையான வீச்சு) சற்று மேல்வரை இருக்கிறது. இங்கே நமக்கு நன்கு பழக்கமான கிரகபேதம், அதாவது அதே சுரங்களில் வேறொன்றை ஸட்ஜமாக (அடிப்படைச் சுரமான ஸ) கொள்வது, கைகொடுக்கிறது. சி என்ற சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் அந்த வரிசை சங்கராபரணம். அதே நாக்குகளில் எதையும் மாற்றாமல் டி சுரத்தை ஸட்ஜமாக்கினால் கரஹரப்பிரியா, ஈ என்றால் தோடி, எஃப் என்றால் கல்யாணி, ஜி என்றால் ஹரிகாம்போஜி, ஏ என்றால் நடபைரவி. உங்கள் பாட்டு இவற்றுள் ஏதாவது ஒன்றின் சுரங்களுக்குள் அடங்குமானால், ஸட்ஜத்தை அதற்குரிய நாக்குக்கு மாற்றிவிட்டால் போதும். வாசிக்கத் தெரிந்தவர்களே இதைக் கவனிக்காமல், கருவியில் அந்தச் சுரம் இல்லை என்று சொல்லிப் பாட்டைக் கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தே சுரங்கள் கொண்ட கருவி செய்ய நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் லாபமானது. மோகனத்தின் ஐந்து சுரங்களில் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி கிடைக்கின்றன. இரண்டு ஸ்தாயிக்குப் பத்துப் பதினோரு குழாய்கள் வெட்டி வைத்தால், ஐந்து வெவ்வேறு முகங்கள் கொண்ட பாட்டுகளை ஒரே கருவியில் வாசிக்கலாம்.

மெட்டில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஓர் அந்நிய சுரம் வந்தால், அதை வாசிக்காமல் அந்த அட்சரத்தில் மௌனம் காக்கலாம், அல்லது வேறொரு கருவிக்குக் கொடுத்துவிடலாம். பக்கத்துச் சுரத்தைப் போட்டுச் சமாளிப்பது மட்டும் வேண்டாம், கேட்பவருக்கு அது தவறு என்றே தோன்றும். கலிம்பாவில் இன்னொரு வழியும் உண்டு: நாக்கைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டி உள்ளே தள்ளினால் அதிரும் நீளம் குறைந்து சுருதி உயரும், வெளியே இழுத்தால் தாழும். அரைச்சுரம் (அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளி) அளவுக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

நீங்களே ஒரு கருவி செய்தல்

பிளாஸ்டிக் குழாய்களை வெட்டி, அவற்றின் வாயைத் தட்டையான ரப்பர் செருப்பால் அறைந்து வாசிக்கும் கருவி தொடக்கத்துக்கு ஏற்றது, ஏனெனில் இதன் சுருதியை வெட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். இருபுறமும் திறந்த குழாயின் நீளம், ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. 20 டிகிரி செல்சியசில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். நடு ஸ்தாயி சி சுரத்தின் அதிர்வெண் 261.6 ஹெர்ட்ஸ், ஆகவே நீளம் 65.6 செ.மீ. ஆனால் குழாய்க்குள் அதிரும் காற்று வாய்க்கு வெளியேயும் சற்று நீண்டு அதிர்வதால், ஒவ்வொரு முனைக்கும் உள் ஆரத்தில் 0.6 மடங்கைக் கழிக்க வேண்டும். உள்விட்டம் 4 செ.மீ. கொண்ட குழாய்க்கு மொத்தம் 2.4 செ.மீ. கழிகிறது. மோகனத்துக்கு நீங்கள் வெட்ட வேண்டிய நீளங்கள் ஏறத்தாழ இவை: ஸட்ஜம் 63.2, ரிஷபம் 56.0, காந்தாரம் 49.6, பஞ்சமம் 41.4, தைவதம் 36.6, மேல் ஸட்ஜம் 30.4 செ.மீ. எல்லாவற்றையும் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டி, சுருதி காட்டும் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறையுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் குழாயின் நுனியில் தடித்த காகிதத்தைச் சுற்றிச் சற்று நீட்டிவிட்டால் போதும். அறைந்தவுடன் செருப்பை எடுத்துவிட வேண்டும். அது வாயை மூடியபடியே நின்றால் குழாய் ஒருபுறம் அடைத்ததாகி, சுருதி ஒரு ஸ்தாயி அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

உலோகப் பட்டைகளுக்கோ மரப் பட்டைகளுக்கோ இந்தக் கணக்கைப் பயன்படுத்திவிடாதீர்கள். பட்டையின் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. எனவே மேல் ஸ்தாயிக்கு நீளத்தைப் பாதியாக்கக் கூடாது, 0.707 மடங்காக்க வேண்டும்; ஓர் அரைச்சுரம் உயர 0.9715 மடங்கு போதும். பட்டையின் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 விழுக்காடு தள்ளி இருக்கும் இடங்களில் அதிர்வு இல்லை. 30 செ.மீ. பட்டைக்கு அது 6.7 செ.மீ. தூரம். அங்கே கயிற்றையோ நுரைப்பஞ்சையோ கொடுத்துத் தாங்கினால் ஒலி நீண்டு நிற்கும், வேறெங்கு தாங்கினாலும் செத்துப்போகும்.

தண்ணீரைக் கொண்டு சுருதி சேர்ப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. பாட்டிலைக் குச்சியால் தட்டும்போது அதிர்வது கண்ணாடி. தண்ணீர் அதற்குச் சுமையாகி, ஊற்ற ஊற்றச் சுருதி தாழும். அதே பாட்டிலின் வாயில் ஊதும்போது அதிர்வது உள்ளிருக்கும் காற்று. தண்ணீர் கூடக் கூடக் காற்றுக்கு இடம் குறைந்து சுருதி உயரும். ஜலதரங்கக் கிண்ணங்களும் தேய்க்கும் கோப்பைகளும் முதல் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரின் அளவைக் கண்ணால் குறிப்பதைவிட, சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துவைத்தால் அடுத்த முறை சில நிமிடங்களில் சுருதி சேர்த்துவிடலாம். கோப்பையைத் தேய்ப்பதற்கு முன் கைகளைச் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். விரலில் துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் ஒலி எழாது.

வெப்பநிலையையும் மறக்க வேண்டாம். காற்று 10 டிகிரி சூடேறினால் குழாய்களும் ஊதும் பாட்டில்களும் அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும், கம்பியோ பட்டையோ அப்படி உயராது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதாக இருந்தால் பதிவு நடக்கும் அறையிலேயே, பதிவு நடக்கும் நேரத்திலேயே சுருதி சேர்க்க வேண்டும்.

அடுக்குதலும் பதிவுசெய்தலும்

தனி ஆளாகப் பல கருவிகளைப் பதிபவர்கள், சுருதியை எளிதில் மாற்ற முடியாத கருவியை முதலில் பதிய வேண்டும். கலிம்பாவும் குழாய்களும் முதலில், கோப்பைகள் பிறகு, ரம்பமும் தெரமினும் கடைசியில் என்ற வரிசை எனக்கு ஒத்துவந்திருக்கிறது. நெகிழக்கூடியவை நெகிழாதவற்றோடு இணங்கிப் போகும். காதில் கிளிக் டிராக் (தாளத்தைக் காட்டும் டிக் ஒலி) ஒலித்துக்கொண்டிருக்கட்டும், ஆனால் மெதுவாக எழும் ஒலிகளைக் கிளிக்குக்குச் சற்று முன்பே தொடங்கினால்தான் கேட்பவருக்கு அவை தாளத்தில் விழுந்ததாகத் தோன்றும். இரண்டு விநோதக் கருவிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கட்டுப்பாடு. எல்லாமே விசித்திரமாக இருக்கும்போது எதுவும் விசித்திரமாகத் தெரிவதில்லை.

மெலிந்த ஒலிக்கருவிகளுக்கு மைக்கை மிக நெருக்கமாக வைப்பது இயல்பான தூண்டுதல். ரம்பத்துக்கு அது பொருந்தாது, வில்லின் உராய்வே முன்னால் வந்து நிற்கும். 30 முதல் 50 செ.மீ. வரை தள்ளிவையுங்கள். கலிம்பாவின் பெட்டியில் ஒட்டி அதன் அதிர்வை நேரடியாக வாங்கும் பீசோ மைக் மலிவானது, வெளிச்சத்தத்தையும் பெரும்பாலும் வாங்காது. ஆனால் அதை ஒரு மெகாஓம் அளவு மின்னெதிர்ப்பு கொண்ட உள்ளீட்டில், அதாவது மின் கிதாருக்குரிய துளையில் செருக வேண்டும். சாதாரண மைக் துளையில் செருகினால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து தகர ஒலி வரும்.

கதவின் கிறீச்சையோ கரண்டியின் ஓசையையோ பதிந்து விசைப்பலகையில் பரப்பி வாசிப்பதும் ஒரு வழி. ஒரே பதிவை மூன்று நான்கு அரைச்சுரத்துக்கு மேல் நீட்டினால் அதன் இயல்பு கெட்டுவிடும் என்பதால், ஒரு ஸ்தாயிக்குக் குறைந்தது மூன்று பதிவுகளாவது தேவை. பழைய கணினிகளின் பிளாப்பி டிரைவ்களைப் பாடவைப்பவர்கள் செய்வது வேறு: அதன் மோட்டார் வினாடிக்கு எத்தனை படிகள் நகர்கிறதோ அதுவே சுரத்தின் அதிர்வெண். ஒலியளவைக் கூட்டக் குறைக்க அதில் வழி இல்லை. ஆகவே ஒரே சுரத்தை ஒன்று, நான்கு, எட்டு என எத்தனை டிரைவ்கள் சேர்ந்து ஒலிக்கின்றன என்பதைக் கொண்டே ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகிறார்கள்.

வெளியிடுவதற்கு முன் உரிமையைப் பாருங்கள். மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, அவற்றின் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. நீங்களே முழுவதையும் வாசித்துப் பதிந்தால் இரண்டாவதைத் தொடுவதில்லை, முதலாவதற்கு அனுமதி வேண்டும். மூலப் பதிவிலிருந்து ஒரு வினாடியை வெட்டி ஒட்டினாலும் இரண்டாவதும் குறுக்கே வரும். படைப்பாளர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு என்பது பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையின் விதி. பல நாடுகள் அதைவிட நீண்ட காலம் வைத்திருக்கின்றன. மெட்டின் அடிப்படை இயல்பை மாற்றுவதற்குத் தனி அனுமதி கேட்கும் சட்டங்களும் இருப்பதால், நடையையோ ராகத்தையோ மாற்றியிருந்தால் அதை மறைக்காமல் எழுதிக் கேளுங்கள்.

பதிவு முடிந்ததும் பாட்டின் பெயரைச் சொல்லாமல், அதை நன்கு அறிந்த ஒருவருக்கு முதல் முப்பது வினாடிகளைப் போட்டுக் காட்டுங்கள். முதல் இரண்டு சுரங்களிலேயே சொல்லிவிட்டால், முன்னிசையை இன்னும் கொஞ்சம் மறைத்து, மெட்டு தொடங்கும் இடத்தைத் தள்ளிவைக்கலாம். முப்பது வினாடி கடந்தும் தெரியவில்லை என்றால் தாளில் எழுதிவைத்த முதல் வரியை எடுத்து, எந்தச் சுரத்தின் கார்வை சுருங்கிவிட்டது என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில்தான் பிழை இருக்கும், அந்த ஒரு வரியை மட்டும் மீண்டும் பதிந்தால் போதும்.